குசினிக்கு வெளியே

"தம்பி, நெருப்புச் சாகுது. பாரும்."

நிதுசன் குனிந்து பார்த்தான். இரும்புக் கல்லுக்கு அடியில் நீலச் சுடர் ஊசிமுனை அளவுக்கு இறங்கியிருந்தது. அவசரமாகக் குமிழை மூடினான். வேலியோரம் பனியில் புதைந்திருந்த இன்னொரு சிலிண்டரை இழுத்து வந்து பூட்டி, மறுபடி பற்றவைத்தான்.

"இந்தக் குளிருக்குக் காஸ் எழும்பாது, அன்ரி. முடியப்போற சிலிண்டரெண்டா இன்னும் மோசம்."

"சிலிண்டருக்கும் குளிரோ? அப்ப அதுக்கும் ஒரு ஜாக்கெட் வாங்கிக் குடுமன்."

சிவமலர் கண்ணாடிக் கதவைப் பிடித்தபடி பின்வாசலில் நின்றாள். மகள் தானே தேடிக்கொண்ட மாப்பிள்ளையைப் பார்க்க டொரொண்டோவிலிருந்து பஸ் ஏறி லவாலுக்கு வந்தவள். பக்கத்து நகரத்துக் கோட்-டெ-நெய்ஜில் அறை எடுத்துப் படிக்கும் லக்சிகா, "நீங்கள் ஓமெண்டு சொன்னாப் போதும் அம்மா" என்று கெஞ்சியிருந்தாள். ஓம் சொல்ல மனமில்லாமல்தான் சிவமலர் வந்தாள். வந்த இடத்தில் பெடியன் மைனஸ் இருபதில், முற்றத்துப் பனியை வழித்துவிட்டுக் கொத்துரொட்டி போடுகிறான். தேடாமலே காரணம் கிடைத்துவிட்டது.

கல்லில் ஊற்றிய முட்டை பொரியாமல் அப்படியே கிடந்தது.

"முட்டையே உம்மைப் பார்த்து முழிக்குது."

"கல்லுச் சூடாகக் கொஞ்சம் நேரமெடுக்கும், அன்ரி. வழமையா வரும்."

"வழமையாவோ? உள்ளுக்கை குசினியில அடுப்பு இல்லையோ?"

"இருக்கு."

"வேலை செய்யாதோ?"

"செய்யும்."

"அப்ப?"

நிதுசன் ரொட்டியைக் கொத்தத் தொடங்கினான். சத்தத்துக்கு அடுத்த வீட்டுக் கிழவி திரையை விலக்கிப் பார்த்தாள். சிவமலருக்கு மானம் போனது.

"வெள்ளைக்காரியும் சிரிக்கிறாள். கம்ப்யூட்டர் வேலையாம், சொந்த வீடாம். மூளை மட்டும் வாடகைக்கோ?"

உள்ளே சோபாவில் லக்சிகா போர்வைக்குள் சுருண்டிருந்தாள். முகம் வெளிறியிருந்தது. தன் பதிலுக்குப் பயந்துதான் என்று சிவமலர் நினைத்தாள். பயப்படட்டும். இழுத்தடிப்பதில் அர்த்தமில்லை.

"தம்பி, நேராக் கதைப்பம். இந்தக் கல்யாணம் சரிவராது. என்ரை பிள்ளை உம்மடை குசினிக்குள்ள காலெடுத்து வைக்கமாட்டாள்."

கொத்துச் சத்தம் நின்றது.

"அவ வைக்கிறேல்லைத்தான், மாமி. அதாலதான் நான் வெளியில சமைக்கிறன்" என்றான் நிதுசன். "எண்ணெய் மணம் பட்டாலே உங்கடை மகளுக்கு வயித்தைப் பிரட்டுது. அவவுக்கு இப்ப மூண்டு மாசம்; நாலு பிறந்தாச் சரிவந்திடுமெண்டு டொக்டர் சொன்னவ."