கீழ்க்கோடு

அவள் கண் விழித்தபோது மாலை மணி ஐந்தே கால். ஸ்வரம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒரு மணிக்குத் தையல் மெஷின் மேல் தலை சாய்த்தவள். நாலு மணி நேரம்! பத்து நாளாகச் சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம்கூடத் தூங்கியதில்லை.

ஒரு தடவைகூட நிற்கவில்லை என்றால், அவருக்கு மூச்சு சீராக ஓடியிருக்கிறது. வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

பக்கத்து அறையில் கணவரின் கட்டில். கட்டிலை ஒட்டி, கைக்கு எட்டும் தூரத்தில், மின்சாரத்தில் இசை எழுப்பும் அவருடைய சிந்தசைசர். ஒரே பெட்டி இல்லை அது. இரும்புச் சட்டத்தில் வரிசையாகப் பொருத்திய சின்னச் சின்னப் பெட்டிகள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓடும் கலர் கலரான ஒயர்கள். தெருவில் அவருக்கு ஒயர்க்காரர் என்றே பெயர்.

அந்த வரிசையில் விண்டோ கம்பேரேட்டர் என்று ஒன்று. வீட்டில் அதற்கு ஜன்னல் என்று செல்லப் பெயர். இரண்டே திருகு. ஒன்று கீழ்க்கோடு, மற்றது மேல்கோடு. உள்ளே வரும் மின்சாரம் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கும்வரை ஸ்வரம் ஒலிக்கும். எந்தக் கோட்டைத் தாண்டினாலும் கப்சிப்.

அதை வைத்து அவர் ஆடாத ஆட்டம் இல்லை. வெளிச்சத்தை உணரும் ஒரு சில்லை மொட்டைமாடியில் வைத்து, போகிற வருகிற மேகத்தையெல்லாம் ஒரு முழுப் பகல் பாட வைத்தார். அவளுடைய தையல் மெஷின் மிதியில் ஒயரை மாட்டி, அவள் காலர் தைக்கும் வேகத்தில் ஒரு தாளம் எடுத்தார். "ஊர்ல மனுஷன் பாடுவான், என் தம்பி மெஷினோட காலைப் பாட வைக்கிறான்" என்று அவருடைய அக்கா சிரித்துச் சிரித்துப் புரையேறினாள்.

நுரையீரல் கைவிட்ட பிறகு ஒயரைத் தன் மார்புக்கே கொண்டுவந்தார். சுற்றிக் கட்ட ஒரு பட்டை. மூச்சு எவ்வளவு ஆழமோ அவ்வளவு மின்சாரம். போதுமான மூச்சு இருந்தால் ஸ்வரம். மூச்சு குறைந்தாலோ இருமித் திணறினாலோ அது நின்றுவிடும். நின்றால் அவள் தைப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடி வர வேண்டும். தூக்கி உட்கார வைத்து, முதுகைத் தட்டி, ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்ய வேண்டும்.

கீழ்க்கோடு எங்கே நிற்க வேண்டும் என்று டாக்டரைக் கேட்டு அவரே பென்சிலால் குறித்து வைத்தார்.

முதல் வாரம் நாளைக்கு நாலைந்து முறை நின்றது. இந்த வாரம் ஊசியில் நூல் கோப்பதற்குள் நின்றது. ஓடி ஓடி அவளுக்குக் கால் வீங்கிவிட்டது.

இன்று மதியம், ஒவ்வொரு சொல்லாக இழுத்துச் சொன்னார்: "கொஞ்சம்... தூங்கேன்."

"அது நிக்காம இருந்தா தூங்க மாட்டேனா?"

எரிந்து விழுந்துவிட்டுத்தான் மெஷினுக்குப் போனாள். இப்போது அதை நினைக்க வெட்கமாக இருந்தது. வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, அவருக்கு முகம் துடைத்துவிட எடுத்துப் போனாள்.

நெற்றியில் துணியை வைத்ததுமே தெரிந்துவிட்டது.

சில்லிட்டிருந்தது. தாடை தொங்கியிருந்தது. மார்பில் பட்டை கட்டியது கட்டியபடி இருந்தது, ஒயர் கழலவில்லை. ஸ்வரம் மட்டும் இம்மிகூட நடுங்காமல் ஒலித்துக்கொண்டே இருந்தது.

அழக்கூடத் தோன்றவில்லை. இந்தப் பாழாய்ப்போன பெட்டி கெட்டுவிட்டதா என்று குனிந்து பார்த்தாள்.

கெடவில்லை. கீழ்க்கோட்டுத் திருகு பென்சில் குறியில் இல்லை. இடது கோடி வரை திரும்பி, பூஜ்யத்துக்கும் கீழே போயிருந்தது. அங்கே வைத்தால், மூச்சே இல்லாவிட்டாலும் அதற்குப் போதும்.

அவள் தொடவில்லை. வீட்டில் வேறு ஆளில்லை.

அவருடைய வலது கை கட்டிலுக்கு வெளியே நீண்டு, பெட்டியின் விளிம்பில் கிடந்தது. ஒரு டம்ளரைப் பிடிக்கத் தெம்பில்லாத கை. அந்தத் திருகோ இறுக்கம்; அவளே பல்லைக் கடித்துக்கொண்டுதான் திருப்புவாள்.

எத்தனை தடவை முயன்றிருப்பார்?

தெருமுனையில் யாருடனோ பேசிக்கொண்டு வரும் குரல். அவருடைய அக்கா. வேலை முடிந்து தினமும் இந்த நேரத்துக்கு வந்துவிடுவாள். டாக்டர் கையை விரித்த அன்றும், தம்பி எமன் கையைக் கடித்துவிட்டாவது திரும்பி வருவான் என்று அடித்துச் சொன்னவள். அப்படி நம்பிய ஒரே ஆள்.

வாசலுக்கு வர இன்னும் நாலு வீடு இருந்தது.

இவள் திருகை இரண்டு கையாலும் பிடித்து, பென்சில் குறி வரைக்கும் திருப்பினாள். ஸ்வரம் நின்றது. கதவு தட்டும் சத்தம் கேட்டதும் போய்த் திறந்தாள்.

அக்கா தம்பியைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். கன்னத்தில் துணி மடிப்பின் தடம் இன்னும் மாறாமல் நிற்கும் இவளைப் பார்த்தாள்.

"சத்தம் நின்னது உன் காதுல விழலையா?"

"தூங்கிட்டேன் அண்ணி."

ஓர் அறை விழுந்தது. வாங்கிக்கொண்டாள்.

அதன்பின் அக்கா அந்த வீட்டுப் படி ஏறவில்லை. சொந்தபந்தம் மொத்தத்துக்கும் இவள், புருஷன் சாகும்போது குறட்டை விட்டவள் ஆனாள். துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்கள்கூட ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள்.

அக்கா மட்டும் யாரிடம் பேசினாலும் ஒன்றை நிமிர்ந்து சொல்லுவாளாம்: கடைசி மூச்சு வரைக்கும் பிழைக்கணும்னு போராடினவன் என் தம்பி.

அந்தப் பேச்சு சுற்றிச் சுற்றி இவளிடமும் வரும்.

ஆமாம் என்பாள்.