காரின் முன்னால் கட்டிய எலுமிச்சம்பழம்

செகண்ட் ஹேண்டில் வாங்கிய சொகுசு கார் ஆயிலை மடமடவென்று குடித்து நீலப் புகை விட்டது. கண் பட்டுவிட்டது என்று முதலாளி முன்புறம் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கட்டித் தினமும் கும்பிட்டார். பழத்துக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

"தம்பி, ஆயில் வற்றிப்போச்சு. இப்படியே ஓட்டினா எஞ்சினே போயிடும்," என்று பானட்டுக்குள்ளிருந்து ஆயில் பார்க்கும் குச்சி கூப்பிட்டது. "உன்னைத்தானே கும்பிடுறாரு, திறந்து பார்க்கச் சொல்லேன்."

'சொன்னால் அப்புறம் என்னை எதற்குக் கட்டிவைப்பார்?' என்று பழம் வாயே திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை, மேடேறும்போது கார் முக்கி முனகி நின்றது. "பழம் வாடிடுச்சு, அதான்," என்ற முதலாளி அதை அறுத்தெறிந்துவிட்டு, முக்குக் கடையில் புதுப் பழம் வாங்கிக் கட்டினார்.

ரோட்டோரம் கிடந்த பழத்துக்கு அப்போதுதான் உறைத்தது. "தம்பி, உள்ளே குச்சி சொல்றதை அவர்கிட்டே சொல்லிடு!" என்று கத்தியது.

புதுப் பழம் பளபளவென்று ஆடியது. "வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கேவா?"