இடது இடுப்பு

மூட்டு வைத்தியரின் அறைக் கதவு படாரென்று திறந்தது. போன வாரம் இடுப்பு மூட்டு வலியோடு வந்த பெண்ணின் கணவன், தனியாக நின்றான். அன்று அவள் நின்ற சாய்வைப் பார்த்தே, எந்நேரமும் பிள்ளையை இடது இடுப்பில் சுமக்கிறவள் என்று வைத்தியர் கண்டுபிடித்திருந்தார்.

"கதவைப் பேத்துடாதப்பா! சம்சாரத்துக்கு வலி எப்படி?"

"சுத்தமா போயிடுச்சு டாக்டர். நீங்க சொன்னபடி பையனை இறக்கி விட்டுட்டா."

"அப்புறம் ஏன் முகத்துல ஈயாடல?"

"ராப்பகலா அழறான். பழையபடி தூக்கிக்கச் சொல்லட்டுமா?"

"கூடவே கூடாது! மூட்டு மறுபடி கெட்டுடும். நாலு நாள் அடம்பிடிப்பான், அப்புறம் தானா நடப்பான்."

கணவன் நாற்காலியில் சரிந்தான்.

"அவன் செத்து ரெண்டு வருஷமாச்சு டாக்டர். இவதான் இல்லாத பிள்ளையைச் சுமக்கிறாள்னு நினைச்சிருந்தேன். இப்ப அந்த அழுகை எனக்கும் கேக்குது."