தொண்டைக்கு ஒரு துண்டு

“மாத்திரையெல்லாம் சரியாத்தானுங்க போடறேன் அம்மணி. ஊறுகாயைக் கண்ணாலகூடப் பாக்கறதில்லைங்க!”

சாந்தாமணி சொன்னதில் பொய்யில்லை என்று டாக்டர் நந்திதாவுக்குத் தெரியும். பீளமேட்டில் அவரைப் போலச் சொன்ன பேச்சு கேட்கும் நோயாளி வேறு யார் இருக்கிறார்கள்? ஆனாலும், மாத்திரையைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தும் பிரஷர் இறங்குவேனா என்று அடம்பிடித்தது.

நந்திதா ரிப்போர்ட்டைப் புரட்டினார்.

“பிரஷரை ஏத்தற ஹார்மோன் ரெண்டும் உங்க ரத்தத்துல அடிமட்டத்துல கெடக்குதும்மா. பொட்டாசியமும் கொறைஞ்சிருக்கு. அப்படியும் பிரஷர் ஏறுதுன்னா, அந்த ஹார்மோன் வேலையைச் செய்யற என்னமோ வெளியில இருந்து உள்ள போகுது. நாட்டு மருந்து ஏதாச்சும் சாப்பிடறீங்களா?”

“அய்யோ, மருந்தெல்லாம் இல்லீங்க. தொண்டைக்கு அதிமதுரம் ஒரு துண்டு வாயில அடக்கிக்குவேன். அவ்வளவுதானுங்க.”

“தினமுமா?”

“காத்தால ஒண்ணு, பொழுதோட ஒண்ணு. மூணு வருஷமா.”

“ஆஹா, ஆப்புட்டான் திருடன்!” நந்திதா மேசையைத் தட்டினார். “அதேதாம்மா ஏத்துது. யூரின்ல புரோட்டீன் லேசாக் கசிய ஆரம்பிச்சிருச்சு. கிட்னிக்கு இப்பத்தான் அடி விழுது. இன்னிக்கே நிறுத்திட்டா தப்பிச்சுக்கலாம்.”

சாந்தாமணியின் முகம் சுருங்கிப் போயிற்று.

“உப்பை உடச் சொன்னீங்க, உட்டுப்போட்டேன். காப்பியை உடச் சொன்னீங்க, அதையும் உட்டுப்போட்டேன். இதை மட்டும் கேக்காதீங்க கண்ணு.”

“நல்லா இருக்கே! மேடையேறிப் பாடவா போறீங்க? குரல் கணீர்னுதானே இருக்கு?”

“அதிமதுரம் போடறதுனாலதானுங்க கணீர்னு இருக்குது. அவரு போனதுக்கப்புறம் ஊட்டுல நாள் முச்சூடும் பேச ஆளில்லீங்க. பேசாமப் பேசாம தொண்டை கட்டிப்போகுது. கனடாவுல இருந்து பையன் போன் பண்ணுனப்ப கரகரன்னு வந்துச்சு. ‘அழுதியாம்மா?’ன்னு பதறிப்போட்டான். பாவம், புள்ளை அங்கே தனியாக் கெடந்து பதறக் கூடாதில்லீங்களா?”

நந்திதாவுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. தன் அம்மாவிடம் பேசி எத்தனை நாளாயிற்று என்று யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை.

“சரிம்மா, உங்களுக்காக ஒரு வழி சொல்றேன். பையன் கூப்பிடற அன்னிக்கு மட்டும் துளியூண்டு போட்டுக்கங்க. மத்த நாள் தொடவே கூடாது. எந்தக் கிழமை கூப்பிடுவாரு?”

சாந்தாமணி மடியில் இருந்த போனை எடுத்துப் பார்த்தார். முந்தானையால் துடைத்து மறுபடியும் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

“‘அழுதியாம்மா?’ன்னு பதறுனான்னு சொன்னேனுங்களே, அதுதானுங்க அவன் கடைசியாக் கூப்பிட்டது. அது ஆச்சுங்க மூணு வருஷம். இனி என்னிக்குக் கூப்பிடுவான்னு தெரியாமத்தானுங்க கண்ணு, தினமும் போட்டுக்கறேன்.”