கிரேப் பேண்டேஜ்

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தணிகாசலம் சார், யார் கூட வந்தீங்க?" என்றார். தனியாக நடந்துதான் வந்தேன் என்றதும் அவர் முகம் மாறியது. "எழுந்திரிக்காதீங்க. ஸ்ட்ரெச்சர் வரட்டும்."

எட்டு மாதமாகத் தொடையிடுக்கில் வலி. அடிவயிறு வரை இழுக்கும். அறுபத்தாறு வயதில் ஓடினால் தசை பிடிக்கத்தான் செய்யும் என்று நானே முடிவுகட்டி, கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றிக்கொண்டு ஓடினேன். வலிக்கிறதென்று நின்றால் எங்கள் ஓட்டக் குழுவில் மறுநாளே தாத்தா ஆக்கிவிடுவார்கள். இன்று மாரத்தான் தொடங்கும் இடத்தில் ஷூ லேஸ் கட்டக் குனிய முடியவில்லை. அதனால்தான் பக்கத்திலிருந்த இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தேன்.

"தசை இல்ல சார், எலும்பு. இடுப்புகிட்ட தொடை எலும்புல விரிசல் விட்டிருக்கு. இன்னிக்கு ஓடியிருந்தீங்கன்னா ரெண்டா ஒடிஞ்சிருக்கும்."

எனக்கு எங்கள் குழுவில் ஓடும் ஜெசிந்தாவின் ஞாபகம் வந்தது. அறுபத்தோரு வயது. அதே இடத்தில் அதே வலி என்று போன வாரம் என்னிடம் வந்தாள். "டாக்டர்கிட்ட போனா ஓடாதேன்னுதான் சொல்வாங்க" என்று அதட்டி, பேண்டேஜை எப்படிச் சுற்றுவதென்று என் தொடையிலேயே காட்டிக்கொடுத்தேன். இந்நேரம் எட்டாவது கிலோமீட்டரைத் தாண்டியிருப்பாள்.

அவளுக்கு போன் போட்டேன். மணி என் இடுப்புப் பைக்குள் அடித்தது. ஓடும்போது இடைஞ்சலாக இருக்குமென்று காலையில் என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போனாள். எடுத்துப் பார்த்தேன். திரையில் என் பெயர் இல்லை.

'கோச்' என்று இருந்தது.