அஃப்ராவின் சாட்சியம்

ஆங்கிலேயத் துரை எங்கள் முற்றத்துப் பாயில் உட்கார்ந்தார். காலை மடக்க வராமல் பூட்ஸைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டார்.

நானும் என் மாமியார் அஃப்ராவும் உள்ளறையில், ஓலைத் தட்டியை ஒட்டி இருந்தோம். அவர் கண்ணுக்கு நாங்கள் தெரியவில்லை. எங்களுக்கு அவர் தெரிந்தார்.

என் கணவர் ஹுமைதை அடக்கி மூன்று நாள் ஆகியிருந்தது. வளைகுடாவின் இந்தக் கரைக்கு ஷேக் அவர். மாலைத் தொழுகை முடிந்து காபிக் கோப்பையைக் கையில் எடுத்தபோது முதுகில் சுடப்பட்டார்.

சுட்டது சுஹைல் என்பது ஊருக்கே தெரியும். அன்றே அவன் கோட்டைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். இனி நான்தான் ஷேக் என்று ஆள் அனுப்பிச் சொன்னான்.

ஆனால் ஆங்கிலேயர் ஒப்புக்கொள்ளாமல் இங்கே யாரும் ஷேக் ஆகிவிட முடியாது. அதனால்தான் போர்க்கப்பல் வந்து நின்றது. அதன் பீரங்கிகள் கோட்டையைப் பார்த்துத் திரும்பியிருந்தன.

துரைக்குப் பக்கத்தில் துபாஷி ஜாசிம் உட்கார்ந்திருந்தார். இந்த ஊரில் பிறந்து, பம்பாயில் ஆங்கிலம் படித்தவர்.

"உம்மு ஹுமைத்," என்று ஆரம்பித்தார் ஜாசிம். ஹுமைதின் தாயே என்று அவர் அழைத்ததும் மாமி கண்ணை மூடித் திறந்தார்.

"துரை சொல்றாங்க, உங்க மகன் எங்க சர்க்காருக்கு வேண்டியவர். பறக்கும் படகு, அதான் தண்ணியில எறங்குற விமானம், அது இறங்க எடம் குடுத்தவர். உங்க வீட்டுக்காரர், பழைய ஷேக்கோட இளையாள் மகன் சுஹைல்தான் பொறாமையில சுட்டான்னு அவங்களுக்குத் தகவல். நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். மத்ததைக் கப்பல் பாத்துக்கும்."

'இளையாள்' என்ற இடத்தில் அவர் நாக்கு கொஞ்சம் தடுக்கியது. ஆனாலும் துரை சொன்னதைத்தான் சொன்னார். மாமியும் ஒன்றும் சொல்லவில்லை.

"சுஹைலை என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார் மாமி.

"வெளிய வந்து சரணடைஞ்சா ஒரு தீவுக்கு அனுப்பிடுவாங்க. ரொம்ப தூரம். திரும்பி வர விடமாட்டாங்க. வரலைன்னா, கோட்டையோட சேத்து..." ஜாசிம் முடிக்கவில்லை.

"அந்தத் தீவுல குளிருமா?"

ஜாசிம் இதை ஆங்கிலத்தில் சொன்னதும் துரை புருவத்தை உயர்த்தினார். பிறகு தோளைக் குலுக்கிக்கொண்டார்.

வாசலில் ஓர் ஆடு ஓலையை மென்றுகொண்டிருந்தது. அதை விரட்டக்கூட யாரும் எழவில்லை.

"யாரும் சுடலை," என்றார் மாமி. "ஹுமைத் துப்பாக்கியைத் தொடைச்சிட்டிருந்தான். வெடிச்சிடுச்சு."

எனக்கு உடம்பு பற்றி எரிந்தது.

துரை வாய் திறக்கும் முன்பே ஜாசிம் கேட்டுவிட்டார். "முதுகுலயா?"

"அல்லாஹ் எழுதுன எடத்துல."

துரையும் ஜாசிமும் தணிந்த குரலில் ஏதோ பேசினார்கள். பிறகு ஜாசிம் தட்டியின் பக்கம் முகத்தைத் திருப்பாமலே கேட்டார். "ஷேக்கோட மனைவியும் உள்ள இருக்காங்கன்னு துரைக்குத் தெரியும். அவங்க என்ன சொல்றாங்க?"

வெடிச்சத்தம் கேட்டு ஓடிவந்தபோது நான்தான் பார்த்தேன். காபிக் கோப்பை இன்னும் உருண்டுகொண்டிருந்தது. சுஹைல் துப்பாக்கியோடு நின்றான். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அதைச் சொன்னால் போதும். என் ஒரு சொல்லுக்காக ஒரு போர்க்கப்பல் காத்து நின்றது. இனி என் வாழ்நாளில் எவரும் என் சொல்லுக்காக இப்படிக் காத்திருக்கப் போவதில்லை.

மாமியைப் பார்த்தேன். மிரட்டியிருந்தால் சொல்லியிருப்பேன். கெஞ்சியிருந்தாலும் சொல்லியிருப்பேன். அவர் இரண்டையும் செய்யவில்லை. தரையைப் பார்த்தபடி, தனக்கே தீர்ப்பு வரப்போவதுபோல் உட்கார்ந்திருந்தார்.

"மாமி சொன்னதுதான்," என்றேன்.

வெளியே துரை பெருமூச்சு விட்டார். கோபம் என்று நினைத்தேன். இல்லை, நிம்மதி என்று ஜாசிம் சொன்னதிலிருந்து புரிந்தது. பழைய ஒப்பந்தங்கள் எதையும் மீறமாட்டேன் என்று சுஹைல் ஏற்கெனவே சொல்லி அனுப்பிவிட்டானாம். வேறெந்த நாட்டோடும் பேச்சு வைத்துக்கொள்ளமாட்டானாம். பறக்கும் படகும் வழக்கம்போல் இறங்கலாமாம். குடும்பமே குறை சொல்லாதபோது சர்க்காருக்கு ஆட்சேபனை இல்லையாம்.

எழுந்து போகும்போது துரை எங்கள் தட்டியைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். முகம் சுளித்திருந்தது. ஜாசிம் அதை மட்டும் எங்களுக்குச் சொல்லவில்லை.

வெயில் தாழ்ந்தபோது கப்பலிலிருந்து மூன்று வெடி கேட்டது. புது ஷேக்குக்கு மரியாதை. தெருவில் ஆட்கள் துப்பாக்கியைத் தூக்கி ஆடினார்கள். என் கணவர் ஷேக் ஆனபோதும் இவர்கள்தான் ஆடினார்கள்.

அதன் பிறகு சுஹைல் வந்தான். காவலர்களைத் தெருவிலேயே நிறுத்திவிட்டுத் தனியாக வந்தான். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, எங்கள் வாசற்படிக்குக் கீழே மண்ணில் மண்டியிட்டான்.

"உம்மா," என்றான்.

துரைக்குக் கிடைத்த தகவல் தவறு. சுஹைலை எந்த இளையாளும் பெறவில்லை. ஹுமைத் மாமியின் தலைச்சன், இவன் கடைக்குட்டி. மாமிக்கு இரண்டே பிள்ளைகள்.

"உம்மா, நான்தான்."

மாமி தோளில் கிடந்த கறுப்புத் துணியை இழுத்துத் தன் முகத்தை முழுக்க மூடிக்கொண்டார்.

"முக்காடு போட்டுக்கோ மகளே," என்றார் என்னிடம். "யாரோ அன்னிய ஆம்பளை வந்திருக்காங்க."