முதல் ஓட்டம்

1974. விக்னராஜா வாங்கிவந்த பழைய ஹோல்டன் காரின் நான்கு சக்கரங்களுக்கும் கீழே அவன் மனைவி பவளம் எலுமிச்சம்பழம் வைத்தாள்.

"முருகா, ஒரு கீறலும் விழக்கூடாது," என்று கண்மூடிக் கும்பிட்டாள்.

விக்னராஜா வேறு பக்கம் பார்த்தான்.

"முதல் ஓட்டம் எங்கை?"

"சும்மா, பரமட்டாப் பக்கம் ஒரு சிநேகிதனைப் பாத்திட்டு வாறன்."

"ஓம், கவனமாப் போட்டு வாங்கோ."

அன்று பின்னேரம் பந்தய மைதானத்தில் பதினைந்து பழைய கார்கள் ஒன்றையொன்று இடித்து நொறுக்கின. கடைசிவரை ஓடுகிற காருக்குத்தான் வெற்றி. அதைப் பார்க்கச் சனிக்கிழமைதோறும் ஊரே திரண்டுவரும். தொழிற்சாலைக் கூட்டாளிகள் உசுப்பேற்றியதில் பெயர் கொடுத்திருந்த விக்னராஜாவின் ஹோல்டன், ஐந்தாவது நிமிடத்தில் அப்பளமாக நொறுங்கியது.

கதவு திறக்கவில்லை. ஜன்னல் வழியாக ஊர்ந்து வெளியே வந்து, வேலியோரம் போனவன் விறைத்து நின்றான். கூட்டத்தின் முன்வரிசையில் பவளம்.

"கார் போச்சுது," என்றான் தலைகுனிந்து. "நீர் அவ்வளவு கும்பிட்டும்..."

பவளம் வேலிக்கு மேலாக அவன் கைகளைப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு நெற்றியைத் தடவிப் பார்த்தாள்.

"உங்கட சேட்டுப் பொக்கற்றிலை இருந்த பந்தயத் துண்டுச் சீட்டைப் போன கிழமையே கண்டிட்டன்," என்றாள். "நான் காருக்கோ கும்பிட்டனான்?"